சிலபஸ் இல்லாத வாத்தியார்: யஷ்பால்

தாம்பரம் ஸ்டேஷன்ல மேற்குப் பக்கம் இறங்கி முடிச்சூர் ரோடு வரைக்கும் நடந்து பாருங்க. நீட் கோச்சிங், ஜே.இ.இ. கோச்சிங், பிளஸ் டூ பிசிக்ஸ் கிராஷ் கோர்ஸ்னு போர்டு போர்டா இருக்கும். கிழக்குப் பக்கம் வேளச்சேரி ரோட்டுல போனாலும் அதேதான். போனைத் திறந்தா யூடியூப்லயும் அதே. "ஒரே வீடியோவில் முழு பாடம்". நம்ம காலத்துல ஒரு சயின்ஸ் டீச்சர் ஃபேமஸ் ஆகணும்னா அவருக்குப் பின்னாடி ஒரு எக்ஸாம் இருந்தாகணும்.

இன்னைக்கு நாம பேசப் போற ஆளுக்கு எக்ஸாம் இல்ல, சிலபஸ் இல்ல, நோட்ஸ் இல்ல. டிவியில வந்து உட்கார்ந்து, பசங்க கடிதத்துல கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். அவ்வளவுதான். ஆனா 90கள்ல தூர்தர்ஷன் பாத்த ஒரு தலைமுறைக்கு விஞ்ஞானின்னா இவர் முகம்தான். வெள்ளை முடி, கண்ணாடி, அவசரமே இல்லாத பேச்சு. பேராசிரியர் யஷ்பால்.

கூகுள்ல தேடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதே பேர்ல ஒரு பெரிய இந்தி எழுத்தாளர் உண்டு. 83 வேர்ல்டு கப் ஜெயிச்ச டீம்ல யஷ்பால் சர்மா இருந்தார். நம்ம ஆள் இவங்க ரெண்டு பேரும் இல்ல.

1926 நவம்பர் 26, ஜங் என்ற ஊரில் பிறந்தார். இப்போ அது பாகிஸ்தான்ல இருக்கு. அதே ஜங்ல வளர்ந்தவர்தான் 1979-ல் இயற்பியல் நோபல் வாங்கிய அப்துஸ் சலாம். அவரும் 1926-ல் பிறந்தவர். ஒரே ஊரு, ஒரே வயசு, பிரிவினைக்கு அப்புறம் வேற வேற நாடு. யஷ்பால் லாகூரில் இயற்பியல் படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் 1947 வந்தது. டெல்லிக்கு வந்து, படிப்பை முடிச்சு, 1949-ல் பம்பாயில் ஹோமி பாபா ஆரம்பிச்ச டி.ஐ.எஃப்.ஆர். என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அப்புறம் எம்.ஐ.டி.யில் 1958-ல் முனைவர் பட்டம். நம்ம ஏரியா ஆளுங்களுக்கு எம்.ஐ.டி.ன்னாலே குரோம்பேட்டைதான். இது அமெரிக்காவுல இருக்கற எம்.ஐ.டி.

அவர் பண்ணின ஆராய்ச்சி காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து வந்து நம்ம மேல கொட்டிக்கிட்டே இருக்கற துகள்கள். அதை எப்படிப் பிடிப்பீங்க? ஒரு ஸ்பெஷலான போட்டோகிராஃபிக் பூச்சை அடுக்கடுக்கா வெச்சு, பெரிய பலூன்ல கட்டி மேல அனுப்புவாங்க. துகள் ஒண்ணு உள்ள புகுந்து போனா ஒரு மெல்லிய கோடு விழும். பலூன் கீழ வந்ததும் பூச்சைக் கழுவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சு, கோடு கோடா மணிக்கணக்கா தேடணும். கம்ப்யூட்டர் பண்ணித் தர்ற வேலை இல்ல, கண்ணால பண்ணணும். பின்னாடி டிவியில ஒரு குழந்தையோட கேள்வியை அவர் அவசரப்படாம திருப்பித் திருப்பிப் பாக்கறதுக்கு இந்தப் பழக்கம்தான் காரணம்னு நான் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

1973-ல் வாழ்க்கை திசை மாறுது. இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன். அகமதாபாத்ல ஸ்பேஸ் அப்ளிகேஷன்ஸ் சென்டர்னு ஒண்ணு தொடங்கறாங்க, அதுக்கு முதல் இயக்குநர் யஷ்பால். அங்க நடந்ததுதான் சைட் திட்டம். இந்தக் கதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும்.

நாசாவோட ஏ.டி.எஸ்.-6 சாட்டிலைட்டை ஒரு வருஷத்துக்குக் கடன் வாங்கறாங்க. 1975 ஆகஸ்ட் 1-ல் இருந்து 1976 ஜூலை 31 வரைக்கும். ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகான்னு 6 மாநிலங்கள், கிட்டத்தட்ட 2,400 கிராமங்கள். பல ஊர்ல ரோடே சரியா கிடையாது. அங்க போய் சாட்டிலைட் டிவி வெக்கறாங்க. டிஷ் எதுல செஞ்சாங்க தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிப்போமே, அந்தக் கம்பிவலை. 10 அடி அகலத்துக்கு அதை வளைச்சு ஆன்டெனா ஆக்கிட்டாங்க. அலைநீளத்தை விட வலையோட ஓட்டை ரொம்பச் சின்னதா இருந்தா, அலைக்கு அது வலைன்னே தெரியாது, தகடு மாதிரிதான் திருப்பி அனுப்பும். மைக்ரோவேவ் ஓவன் கதவுல புள்ளி புள்ளியா ஒரு வலை இருக்கே, அதுவும் இதே சமாச்சாரம்தான். கொழும்புல இருந்த ஆர்தர் சி. கிளார்க் வீட்டுக்கும் இஸ்ரோ ஆளுங்க போய் ஒரு டிஷ் வெச்சுக் கொடுத்துட்டு வந்தாங்க. சாட்டிலைட் வழியா உலகத்துக்கே ஒலிபரப்பலாம்னு 1945-லயே எழுதின மனுஷன் அவர்!

அந்த 6 மாநிலத்துல தமிழ்நாடு இல்ல. நமக்கு அதே 1975-ல் ஆகஸ்ட் 15 அன்னைக்கு மெட்ராஸ் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது. சாட்டிலைட் இல்ல, டவர்தான்.

சைட்ல காலையில ஸ்கூல் பசங்களுக்கு அறிவியல், சாயந்திரம் பெரியவங்களுக்கு விவசாயம், சுகாதாரம். ஒரு வருஷம் முடிஞ்சதும் சாட்டிலைட்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. கடன்தானே. ஆனா இந்த ஒரு வருஷத்துக்கு அப்புறம் யஷ்பால் ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ள மட்டும் இருக்கற ஆளா இல்ல.

உண்மையில அதுக்கு முன்னாடியே ஒரு விதை இருந்தது. 1972-ல் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம்னு ஒண்ணு தொடங்கினாங்க. டி.ஐ.எஃப்.ஆர். விஞ்ஞானிகள் கிராமத்து நடுநிலைப் பள்ளி வாத்தியார்களோட உட்கார்ந்து வேலை செஞ்சாங்க, யஷ்பாலும் அதுல உண்டு. பசங்க புத்தகத்தை மனப்பாடம் பண்ண மாட்டாங்க. இலையைப் பறிச்சுட்டு வந்து பிரிப்பாங்க, அளப்பாங்க, வாதம் பண்ணுவாங்க. பரீட்சையில புத்தகத்தைத் திறந்து வெச்சுக்கலாம். 30 வருஷம் நடந்துச்சு. 2002-ல் மாநில அரசு மூடிட்டாங்க.

நடுவுல நிறைய பதவி. அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர், 1986-ல் இருந்து 1991 வரைக்கும் யு.ஜி.சி. தலைவர். அந்தக் காலத்துல உருவானதுதான் புனேவில் இருக்கற அயூக்கா என்ற வானியல் மையம். அதைக் கட்டினவர் ஜெயந்த் நார்லிக்கர். அவரைப் பத்தி ஒரு குட்டிக் கதை: ஆட்டோகிராஃப் கேட்டு பசங்க வந்தா போட மாட்டார். வீட்டுக்குப் போய் ஒரு கேள்வியை போஸ்ட்கார்டுல எழுதிப் போடு, பதிலோட கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்னு சொல்லிடுவார். இந்தத் தலைமுறை விஞ்ஞானிகளுக்கு போஸ்ட்கார்டு மேல அப்படி ஒரு நம்பிக்கை.

சரி, டிவிக்கு வருவோம். நிகழ்ச்சி பேரு 'டர்னிங் பாயிண்ட்'. தூர்தர்ஷன் தேசிய ஒளிபரப்பு. தொகுத்து வழங்கினவர் கிரிஷ் கர்னாட், ஆமாம், நாடக ஆசிரியர் கிரிஷ் கர்னாடேதான். நாடு முழுக்க இருந்து பாக்கறவங்க கேள்வி எழுதுவாங்க, யஷ்பால் பதில் சொல்வார். எங்க வீட்டுல பெரியவங்க சொல்ற ஞாபகம் என்னன்னா, பாதி புரியும், பாதி புரியாது, ஆனா அந்த மனுஷன் பேசறதைக் கேட்டா நாமளும் யோசிக்கலாம் போலன்னு தோணும்.

அவர்கிட்ட வேற என்ன இருந்தது? கேள்விக்கு அவர் பாடப்புத்தக டெஃபினிஷன் சொல்ல மாட்டார். கேட்ட ஆளோட வீட்டுல இருந்து தொடங்குவார். இதை ஒரு உதாரணத்தோட சொல்றேன். இது டிவியில வந்த கேள்வி இல்ல, நானே போட்டது. நம்ம ஊருக்குத் தோதா இருக்கும்.

மண்பானையில தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? எட்டாங் கிளாஸ் பையன் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்: "ஆவியாதல் குளிர்ச்சியை ஏற்படுத்தும்." 2 மார்க். முடிஞ்சது. இப்போ அதே பையன்கிட்ட கேளுங்க: சென்னையில இருக்கற பானைத் தண்ணியை விட வேலூர்ல இருக்கற உங்க அத்தை வீட்டுப் பானைத் தண்ணி ஏன்டா இன்னும் சில்லுனு இருக்கு? அங்கதானே வெயில் ஜாஸ்தி? முழிப்பான். தப்பு அவன் மேல இல்ல. 2 மார்க் பதிலுக்குள்ள இதுக்கு இடமே இல்ல.

பானையோட நுண்ணிய துளை வழியா தண்ணி வெளிப்பக்கம் கசிஞ்சு, காத்துல ஆவியா போகுது. போகும்போது சூட்டை எடுத்துட்டுப் போகுது. ஆனா காத்து ஏற்கெனவே ஈரமா இருந்தா அது தண்ணியை மெதுவாத்தான் வாங்கிக்கும். சென்னை கடலோரம், காத்துல எப்பவும் ஈரம். வேலூர்ல காத்து வறண்டு கிடக்கு, வேகமா உறிஞ்சும். அதனால வெயில் அதிகமான ஊர்ல பானைத் தண்ணி அதிகமா குளிரும். சென்னையில வேர்வை காயாம சட்டை ஒட்டிக்கறதும் இதனாலதான். டெல்லியில மே மாசம் ஜம்முனு வேலை செய்யற ஏர் கூலர், நம்ம வீட்டு ஹால்ல வெச்சா ரூமையே பிசுபிசுன்னு ஆக்கறதும் இதனாலதான். பெயிண்ட் அடிச்ச அழகுப் பானை குளிராததும் இதுல இருந்தே வந்துடும்: துளை அடைஞ்சு போச்சு. ஒரு விஷயம் புரிஞ்சா நாலு விஷயம் கூட வருது. மனப்பாடம் பண்ணினா 2 மார்க் மட்டும் வருது.

யஷ்பால் நிகழ்ச்சியில செஞ்சது இந்த வேலைதான். அப்புறம் 1995 அக்டோபர் 24, முழு சூரிய கிரகணம். தீபாவளி சமயம். வட இந்தியாவுல ராஜஸ்தான்ல இருந்து வங்காளம் வரைக்கும் ஒரு கோடு மாதிரி நிழல் ஓடுச்சு, நமக்கு இங்க பகுதிக் கிரகணம்தான். கிரகணம்னா கதவை அடைச்சுட்டு உள்ள உட்காரணும்னு இருந்த ஊர்கள்ல, தூர்தர்ஷன் நேரலையில யஷ்பால் பேசிக்கிட்டு இருந்தார். சரியான கண்ணாடி போட்டுக்கிட்டு வெளிய வந்து பாருங்க, வாழ்க்கையில ஒரு தடவை கிடைக்கிற காட்சின்னு. இதுக்கு ஒரு மாசம் முன்னாடி, செப்டம்பர் 21-ல்தான் பிள்ளையார் பால் குடிக்கிறார்னு நாடே கரண்டியும் கையுமா நின்னுச்சு. ஒரே மாசத்துல ரெண்டையும் பாத்த நாடு இது.

ஒரு குறையையும் சொல்லணும். தேசிய ஒளிபரப்புன்னா இந்தியும் இங்கிலீஷும். நம்ம கிராமத்துப் பசங்களுக்கு யஷ்பால் போய்ச் சேரவே இல்ல. தமிழ்ல அந்த வேலையை வேற ஆளுங்க வேற வழியில செஞ்சாங்க. பெ.நா. அப்புஸ்வாமின்னு ஒரு வழக்கறிஞர், அறிவியலைத் தமிழ்லயே எழுதி எழுதி, 1986-ல் மறையற வரைக்கும் விடல. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 'துளிர்'னு பசங்களுக்கு ஒரு பத்திரிகை நடத்தறாங்க. ஆனா தமிழ் டிவியில, வாரா வாரம் உட்கார்ந்து, பசங்க கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற ஒரு விஞ்ஞானி முகம் நமக்கு அமையலங்கறது என் வருத்தம்.

இப்போ நான் இந்த எபிசோட் பண்ணக் காரணமான விஷயம். இதுல ஒரு சென்னைக்காரர் வர்றார்: புரசைவாக்கத்துல பிறந்த ஆர்.கே. நாராயண். மால்குடி எழுதினவர். அவரை ராஜ்யசபாவுக்கு நியமன எம்.பி. ஆக்கினாங்க. 1989-ல் எழுந்து பேசினார். எதைப் பத்தி? இலக்கியம் இல்ல, பள்ளிக்கூடப் பை. குழந்தைங்க முதுகு வளையற அளவுக்குப் புத்தகம் சுமக்கறாங்கன்னு பேசினார். அதுல இருந்துதான் விவாதம் கிளம்பி, 1992-ல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. தலைவர் யஷ்பால். 1993 ஜூலையில் அறிக்கை வந்தது. தமிழ்ல 'சுமையற்ற கற்றல்'னு சொல்லலாம்.

பையோட கிலோ கணக்கைப் பாக்கப் போன குழு, வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சு வந்தது. பை கனமா இருக்கு, உண்மைதான். ஆனா அதை விடப் பெரிய பாரம், படிக்கறது புரியாம இருக்கறதுன்னு சொன்னாங்க. புரியாததை மனப்பாடம் பண்ணித் தூக்கிட்டுத் திரியறது. பாடப்புத்தகம் வாக்கியத்துக்கு வாக்கியம் தகவலைத் திணிக்குது, குழந்தைக்கு யோசிக்க இடம் விடல. மழலையர் பள்ளிச் சேர்க்கைக்கு டெஸ்ட், இன்டர்வியூ வெக்கறதை நிறுத்தணும்னும் சொன்னாங்க. 1993-ல்!

நம்ம ஊர்ல என்ன ஆச்சு? 2012-13-ல் தமிழ்நாட்டுல 1 முதல் 8 வகுப்பு வரைக்கும் முப்பருவ முறை வந்துச்சு. புத்தகத்தை மூணாப் பிரிச்சு, பருவத்துக்கு ஒண்ணு. பை நிஜமாவே லேசாச்சு. 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் 1, 2-ம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாதுன்னு சொல்லுச்சு, பை எடைக்கும் வரம்பு வேணும்னுது. நல்ல விஷயங்கள், மறுக்கல. ஆனா பாருங்க, தராசுல வெக்க முடிஞ்ச பாரத்தைக் குறைச்சோம். யஷ்பால் காட்டின அந்த இன்னொரு பாரத்தைத் தராசுல வெக்க முடியாது, அதனால அது அப்படியே இருக்கு. பை லேசான அதே பசங்கதான் சாயந்திரம் டியூஷன் பை மாட்டிக்கிட்டு முடிச்சூர் ரோட்டுல சைக்கிள்ல போறாங்க.

என் வேலையில இதை நேரா பாக்கறேன். ஃப்ரெஷர் இன்டர்வியூல உட்காருவேன். பைனரி சர்ச் எவ்வளவு வேகம்னு கேட்டா, "லாக் என்"னு டக்குனு வரும். ஏன் லாக்னு கேட்டா அமைதி. ஒவ்வொரு தடவையும் பாதியைத் தூக்கிப் போடறோம், 1,000 பேர் லிஸ்ட்ல பத்தே தடவையில ஆள் சிக்கிடுவார், இதுதான் லாக். டெலிபோன் டைரக்டரி புரட்டின எங்க தாத்தாவுக்குக் கூடத் தெரியும், அந்த வார்த்தை மட்டும்தான் தெரியாது. அந்தப் பையன் 16 வருஷம் படிச்சு, நல்ல மார்க் வாங்கி வந்திருக்கான். அவனை முட்டாள்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். முதுகுல எதை ஏத்தி அனுப்பினாங்களோ அதைத்தான் அவன் இறக்கி வெக்கறான்.

யஷ்பால் அதோட விடல. 2002-ல் சத்தீஸ்கர் மாநிலம் தனியார் பல்கலைக்கழகச் சட்டம் ஒண்ணு போட்டாங்க. ஒரு வருஷம் சொச்சத்துல 112 பல்கலைக்கழகம்! பலதுக்குக் கட்டடம் கூடக் கிடையாது. யஷ்பால் நேரா உச்ச நீதிமன்றம் போனார். அப்போ 75 வயசு தாண்டியாச்சு. 2005 பிப்ரவரியில தீர்ப்பு, அந்தச் சட்டப் பிரிவுகள் செல்லாது. வழக்கோட பேரே 'பேராசிரியர் யஷ்பால் எதிர் சத்தீஸ்கர் அரசு'. அதே 2005-ல் தேசியக் கலைத்திட்டம் தயாரிச்ச குழுவுக்கும் தலைவர் அவர்தான்.

2009-ல் உயர்கல்வி பத்தி இன்னொரு அறிக்கை. இதுதான் ஜி.எஸ்.டி. ரோடு ஆளுங்களான நமக்கு நெருக்கமானது. தாம்பரம் தாண்டி வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரின்னு போனா காலேஜ் பஸ் இல்லாத நிமிஷம் உண்டா? நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கொடுக்கறதை, தெளிவான விதிமுறை வர்ற வரைக்கும் நிறுத்துங்கன்னு அந்த அறிக்கை சொல்லுச்சு. யு.ஜி.சி.யையும் ஏ.ஐ.சி.டி.இ.யையும் எடுத்துட்டு ஒரே ஆணையம் வைங்கன்னும் சொல்லுச்சு. யு.ஜி.சி. தலைவரா இருந்த மனுஷனே யு.ஜி.சி. வேண்டாம்னு எழுதறார். குழுவுக்குள்ளயே எல்லாரும் ஒத்துக்கல. பொருளாதார அறிஞர் கௌசிக் பாசு தனியா மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார். ஒரே பெரிய ஆணையம்ங்கற யோசனையில எனக்கும் சந்தேகம் உண்டு. ரெண்டு ஆபீஸ் இருந்த இடத்துல ஒரு பெரிய ஆபீஸ் வந்தா, வகுப்பறையில என்ன மாறும்? எப்படியோ, அந்த ஆணையம் வரல.

2013-ல் பத்ம விபூஷண். 2017 ஜூலை 24 அன்னைக்கு நொய்டாவில் காலமானார், 90 வயசு. 'டர்னிங் பாயிண்ட்' துண்டுகள் சிலது யூடியூப்ல கிடைக்கும், பிக்சர் மங்கலா இருக்கும், பரவாயில்ல. 1993 அறிக்கையும் நெட்ல இருக்கு. சின்ன அறிக்கைதான், ஒரு தாம்பரம்–பீச் எலக்ட்ரிக் ட்ரெயின் பயணத்துல படிச்சு முடிச்சுடலாம்.

கடைசியா ஒரு வேலை. இன்னைக்கு ராத்திரி ஃபேனுக்கு நேரா ஒரு தெர்மாமீட்டரை வைங்க. காய்ச்சல் பாக்கறது வேண்டாம், ரூம் டெம்பரேச்சர் காட்டறது. ரீடிங் குறையுதா? அப்புறம் அதோட அடியில ஈரத் துணி சுத்தி வெச்சுப் பாருங்க. மழை நாள்லயும் வெயில் நாள்லயும் ரெண்டு தடவை பண்ணுங்க. பதில் நான் சொல்ல மாட்டேன். என்ன பாத்தீங்க, ஏன்னு நினைக்கிறீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல உங்க குரல்லயே போடறோம்.